உரோமக் காசும் அழகன்குளத்து ஓடும்

உரோமாபுரியின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஏழு குன்றுகளிலிருந்து தொடங்குவர். உரோமுலசின் கூட்டத்தாரும் சபைன் மக்களும் கலந்து அந்நகர் வளர்ந்தது என்பது அவர்தம் தொல்கதை. புதுமடத்தில் பிறந்த எனக்கோ அவ்வரலாறு உச்சிப்புளிக்கு வடபுறத்து அழகன்குளத்தில் தொடங்குகின்றது.

எம்மூர் மன்னார் வளைகுடாக் கரையது. அழகன்குளம் பாக் நீரிணைப் பக்கம், வைகை கடலை நாடும் ஆற்றங்கரைக்கு அருகில் உள்ளது. இன்று வைகை நீர் பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகின்றது; மிகுவெள்ளமே கடல் சேர்கின்றது. அங்கே ஒரு துறைமுகம் இருந்ததென்றால் நம்புவார் சிலரே. 1986-87இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழத் தொடங்கிய பின்னரே மண் பேசிற்று. உரோம மதுச்சாடிகளின் உடைசல்கள், உருளைக்கோட்டு மட்கலங்கள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஆகியன வெளிப்பட்டன. ஓர் ஓட்டில் பாய்மரக் கப்பலொன்றையே எவரோ கீறி வைத்திருந்தார். அறிஞர் அதனை உரோமக் கலத்தோடு ஒப்பிடுவர்.

யவன வாணிகம் என்றதும் நம் மாணவர் பொன்னையே நினைக்கின்றனர். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதென்று முதல் நூற்றாண்டில் பிளினி வருந்தியதும் அந்நினைவுக்குத் துணை. அழகன்குளத்தில் கிடைத்தவற்றுள் என்னை ஈர்த்தவை இரண்டாம் வேலண்டினியன், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் ஆகியோர் காலத்துச் சிறு செப்புக் காசுகளே. இவை நான்காம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தவை. பிளினி மறைந்து முந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. சங்க காலமும் முடிந்ததென்று பாடநூல் கூறிவிட்டது. 'இருண்ட காலம்' என்று நாம் ஒரே வரியில் கடந்துசெல்லும் அந்நாளில் இக்கரையில் சந்தை நடந்திருக்கின்றது! பொற்காசு செல்வர் பேழையில் உறங்கும், செப்புக்காசு கைமாறும். இலங்கையிலும் அக்காலச் செப்புக்காசுகள் மிகுதியாகக் கிடைத்திருத்தலின், இவை நேரே வந்தனவா, ஈழத்து வணிகர்வழி வந்தனவா என்பது ஆராயத்தக்கது. தமிழ் படிப்போர் நூலோடு நில்லாது இவற்றையும் படித்தல் வேண்டும்.

நம் பெரியவர்கள் மரைக்காயர் கப்பல்களைப் பெருமையோடு கூறுவர்; அப்பெருமை தகும். எமக்கு அண்மையிலுள்ள பெரியபட்டினத்தில் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்கள் கிடைத்துள்ளன. அவற்றுக்கும் ஆயிரம் ஆண்டு முற்பட்டது அழகன்குளத்துக் கடல்வழி.

மாணவச் செல்வங்களே! நும் ஊரில் கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ கறுப்பும் சிவப்புமான ஓடு அகப்பட்டால் குப்பையில் எறியாதீர். எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு துறைக்குக் கொண்டு வாருங்கள்.