ஆறப் பொறுத்தல்

கல்வியாண்டின் இறுதி மாதம் எல்லா மாணவர்க்கும் பரபரப்பான மாதமே. கணக்குப் பயில்வோன் சூத்திரங்களை மனத்தில் இருத்துகிறான். வரலாறு பயில்வோன் ஆண்டுகளை உருப்போடுகிறான். இன்னும் இரண்டு இரவு கண் விழித்தால் பாடம் முடிந்துவிடும் என்னும் நம்பிக்கை அவர்களுக்கு உண்டு. கலை பயில்வோர்க்கோ அந்த நம்பிக்கைக்கும் இடமில்லை. அவர்களுடைய பாடம் ஏட்டில் மட்டுமன்று. வண்ணத்திலும் மரத்திலும் களிமண்ணிலும் இருக்கிறது. மாணவர் விழித்திருப்பதனால் மண் விரைந்து உலர்ந்துவிடுமா?

எண்ணெய் வண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். அது நீரைப்போல் ஆவியாகி உலர்வதன்று. வண்ணத்தில் கலந்துள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி மெல்ல மெல்ல இறுகுகிறது. தடித்துப் பூசிய இடம் தொடும் அளவிற்கு உலரவே பல நாள்கள், சில வேளை வாரங்கள்கூட ஆகும். நாள் நெருங்கியதும் விரைவில் உலரும் அக்ரிலிக் வண்ணத்திற்கு மாறித் தப்பிக்கும் ஓவிய மாணவர் உண்டு. மண்பாண்டக் கலை பயில்வோர்க்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. மண்ணுக்கு மாற்று மண்தான்.

சிங்கப்பூரில் கலை பயில விரும்புவோர்க்கு, லிம் ஹாக் தாய் 1938ஆம் ஆண்டில் நிறுவிய நன்யாங் நுண்கலைக் கழகமும், ஜோசப் மெக்னலி 1984ஆம் ஆண்டில் தொடங்கிய லசால் கல்லூரியும் நெடுங்காலமாக இடமளித்து வருகின்றன. அங்குள்ள கலைக்கூடம் ஒன்றில் இறுதியாண்டு பயின்ற தமிழ் மாணவி ஒருத்தி, நாள்தோறும் விடியுமுன் ஜொகூரிலிருந்து கடற்பாலத்தைக் கடந்து வந்து போனாள். கடைசி ஆறு வாரங்களில் அவள் முடிக்க வேண்டியிருந்தவை பல. கலை வரலாற்றுக் கட்டுரை ஒன்று, ஆண்டு முழுவதும் எழுதி வந்த பணிக்குறிப்பேடு, படைப்பைப் பற்றிய விளக்கவுரை, காட்சிக்கான மரத்தட்டு, எல்லாவற்றிற்கும் மேலாக, சுட்டு முடித்த 60 மங்குகள்.

ரப்பர்த் தோட்டங்களை அறிந்தவர்க்கு மங்கு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மரத்தின் பட்டையைச் சீவியதும் வடியும் பாலை ஏந்தி நிற்கும் அந்தச் சிறு கோப்பையை நம்பித்தான் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் அடுப்பு எரிந்தது. சிங்கப்பூரின் ஜாலான் பஹாரில் 1940ஆம் ஆண்டில் கட்டப்பெற்று இன்றும் நிற்கும் நாகச் சூளையில், ஒரு காலத்தில் தோட்டங்களுக்கான மங்குகளும் சுடப்பட்டன. கலைக்கூடத்தார் ஒருமுறை அவளை அங்கு அழைத்துச் சென்றபோது, தன் பாட்டி கையாண்ட பொருள் எங்கோ தொலைவில் அல்லாமல், தான் கலை பயிலும் இதே மண்ணிலும் உருவாகியிருக்கக்கூடும் என்று அவள் உணர்ந்தாள். இறுதியாண்டுப் படைப்பின் வித்து அதுவே.

பன்னிரண்டு வயதில் பால்வெட்டுக்குப் போன பாட்டி இன்னும் இருக்கிறார். ஈரத்துணியில் சுற்றிய களிமண் வட்டுகளை மாணவி வீட்டிற்குக் கொண்டுசென்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாட்டி ஒவ்வொரு வட்டிலும் தம் கட்டைவிரலை அழுத்திக் கொடுத்தார். அந்த வட்டுகளே மங்குகளின் அடிப்பகுதி ஆயின. தடம் ஆழமாகப் பதிய வேண்டும் என்பதற்காக அவை தடிப்பாக இருந்தன. அந்தத் தடிப்பே பின்னர்ச் சிக்கலாயிற்று.

வீட்டில் எல்லாரும் பாட்டியைப் போல் இல்லை. கணக்கியல் படிக்க வைக்க எண்ணியிருந்தார் தந்தை. “மூன்று வருசம் படிச்சது மண் பிசையவா?” என்று அவர் கேட்ட கேள்வி, கேலியாக இருந்தாலும், மகளின் நெஞ்சில் தங்கிவிட்டது. கண்காட்சிக்கு அவரும் வருவார். தட்டில் 60 மங்குகளும் குறைவின்றி நிற்க வேண்டும் என்று அவள் துடித்ததில் வியப்பில்லை.

கட்டுரை அவளுடைய ஒரு வாரத்தை விழுங்கியது. எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜபார் என்னும் மூவர் 1988ஆம் ஆண்டில் கோதே நிலையத்தில் நடத்திய ‘திரிமூர்த்தி’ கண்காட்சியே அவள் எடுத்துக்கொண்ட பொருள். அவர்கள் நன்யாங்கில் பயின்றவர்கள். தத்தம் சமய, பண்பாட்டு மரபிலிருந்தே புதிய கலையைத் தேடியவர்கள். அவர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, பாட்டியின் மங்கு ஒரு கலைக்கூடத்திற்குள் நுழையத் தகுதியுடையதுதான் என்னும் துணிவு அவளுக்கு வந்தது. ஆனால் அந்த ஒரு வாரம் கடைசி 22 மங்குகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் இடிமழை வேறு. ஈரக்காற்றில் மண் உலர மறுத்தது.

சூளையேற்றும் நாள் வந்தது. ஒரே சூளையில் ஐந்து மாணவர்களின் படைப்புகள் வேக வேண்டும். மங்கு உலர்ந்ததா என்று அறியக் குயவர்கள் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு: அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. குளிர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த 22 மங்குகளும் குளிர்ந்தன. ஈரத்தோடு சூளைக்குள் போகும் மண்ணில், வெப்பம் 100 பாகையைத் தாண்டும்போது நீர் ஆவியாகிறது. வெளியேற வழியின்றித் தவிக்கும் ஆவி பாண்டத்தையே வெடிக்கச் செய்கிறது. சிதறும் சில்லுகள் அருகிலுள்ள பாண்டங்களையும் சிதைக்கக்கூடும். “போனா போகட்டும், வச்சுப் பார்” என்று தோழி ஒருத்தி தைரியம் சொன்னாள். வைத்துப் பார்ப்பது அவளுடைய மங்குகளை மட்டும் வைத்துப் பார்ப்பதன்று. மற்ற நால்வரின் ஆண்டு உழைப்பையும் பணயம் வைப்பது.

அன்றிரவு அவள் பாட்டியிடம் தொலைபேசியில் பேசினாள். சூளையைப் பற்றிப் பாட்டிக்கு ஒன்றும் தெரியாது. மழை நாள்களைப் பற்றித் தெரியும். “மரம் நனைஞ்சிருந்தா கத்தி வைக்கக் கூடாது கண்ணு. வச்சா பால் மங்குக்கு வராது, பட்டையெல்லாம் வழிஞ்சு வீணாப் போயிடும். அன்னைக்குக் கூலி இல்லைதான். காயற வரைக்கும் உட்கார்ந்துதான் இருக்கணும்” என்றார். கூலி போகும் என்று தெரிந்தே காத்திருந்த தலைமுறையின் சொல் அது. மறுநாள் காலையில் மாணவி 22 மங்குகளையும் ஒதுக்கி வைத்தாள். 38 மட்டும் சூளைக்குள் சென்றன.

அதற்குப் பிறகும் காத்திருத்தல் ஓயவில்லை. வெப்பம் ஏறத்தாழ 1,000 பாகை வரை மெல்ல ஏற வேண்டும். மெல்ல இறங்கவும் வேண்டும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கலாகாதா என்னும் பழமொழி சமையலறைக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு சூளைக்கும் பொருந்தும். சூடு தணியுமுன் கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டுப் பாண்டம் விரிசல் காணும். அதனால்தான் மாணவர்கள் கெஞ்சியும் சூளைப் பொறுப்பாளர் திறவுகோலைத் தரவில்லை. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பதை அப்போதுதான் நினைவுகூர்ந்தவளாய், மாணவி பல நாள் இழந்த உறக்கத்தை அந்த இரண்டு நாள்களில் மீட்டுக்கொண்டாள். விளக்கவுரையையும் எழுதி முடித்தாள். பின்னர் உட்புறம் வெள்ளை மெருகு பூசி மீண்டும் ஒரு சூடு. மீண்டும் ஒரு காத்திருப்பு.

கண்காட்சி நாளன்று மரத்தட்டில் 38 மங்குகள் நின்றன. மீதி இடங்களில் 22 வட்டங்களைப் பென்சிலால் வரைந்து வெறுமையாக விட்டிருந்தாள். காரணம் கேட்ட தேர்வாளர்களிடம், “அவை இன்னும் காயவில்லை” என்று உள்ளதை உள்ளபடியே கூறினாள். முழுமை பெறாமைக்காகச் சில மதிப்பெண்கள் குறைந்தன, தேர்ச்சி தவறவில்லை. மண் சுட்டபின் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். பாட்டி மங்குக்குள் விரலை விட்டுப் பார்த்தார். தடம் விரலைவிடச் சிறுத்திருந்தது. “இது நான் புதுசா வேலைக்குப் போனப்ப இருந்த விரல்” என்று சிரித்தார். தந்தை ஒரு மங்கைக் கையில் எடுத்து நெடுநேரம் வைத்திருந்தார். “அம்மா இதைத்தான் தினமும் துடைச்சுக் கவுத்து வைப்பாங்க” என்றார். மண் பிசைவதைப் பற்றி அவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை.

பொறுமை வேறு, சோம்பல் வேறு. செய்ய வேண்டியதைச் செய்யாது காலம் தாழ்த்துவது சோம்பல். செய்ய வேண்டியதைச் செய்து முடித்து, காலம் தன் பணியைச் செய்ய இடம் விடுவது பொறுமை. ஆண்டிறுதியில் மாணவர்களை விரைவுபடுத்துவது ஆசிரியர் கடமைதான். எதை விரைவுபடுத்தலாம், எதை விரைவுபடுத்தலாகாது என்று பிரித்தறியக் கற்பிப்பதும் அதே அளவு கடமையாகும். கட்டுரையை ஓர் இரவில் எழுதிவிடலாம். ஈர மண்ணை ஓர் இரவில் உலர்த்த முடியாது. ஒரு மொழியைச் சுவைக்கப் பழகும் இளம் உள்ளமும் பெரும்பாலும் மண்ணின் இனத்தைச் சேர்ந்ததே.

ஒதுக்கி வைத்த 22 மங்குகள் கலைக்கூடத்தின் மேல்தட்டில் பல நாள் இருந்தன. மதிப்பெண்ணெல்லாம் வந்து முடிந்த பிறகு, ஜூன் மாதத்தில், மாணவி மீண்டும் கடற்பாலத்தைக் கடந்து வந்தாள். ஒவ்வொன்றாய்க் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் குளிரவில்லை. அவற்றைச் சூளையில் அடுக்கத் தொடங்கினாள்.