அம்மா பேசிய கேசட்டும் ஆஸ்கர் மிஷோவும்

போன மாதம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கூட்டம் ஒன்று. இரும்பு உருக்கும் ஆலையில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்கா மைக்கைப் பிடித்து ஏழு நிமிடம் பேசினார். கையுறை தராதது, மாதச் சம்பளத்தில் பிடிக்கும் பணத்துக்குக் கணக்கே காட்டாதது, பெண்களுக்குக் கழிப்பறை இல்லாதது என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். கூட்டம் அப்படியே உறைந்துபோய்க் கேட்டது. நம் தம்பி ஒருவர் முழுவதையும் செல்போனில் எடுத்தார். பத்து நாள் கழித்து, தொழிலாளர் துறையில் மனு கொடுக்கும்போது பயன்படும் என்று அந்த வீடியோவைக் கேட்டேன்.

"மெமரி ஃபுல் ஆயிடுச்சுண்ணா, டெலிட் பண்ணிட்டேன். ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தேனே, நீங்க பாக்கலயா?" என்றார்.

கோபம் வரவில்லை. அந்தத் தம்பியைத் திட்ட எனக்குத் தகுதி கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

1991 அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டு. எங்கள் காலனியில் ஏப்ரல் 14 அன்று கொடியேற்றிப் பெரிய கூட்டம் நடத்தினார்கள். வீட்டுக்கு இருபது ரூபாய் வசூலித்து, கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பவரை அழைத்து வந்தார்கள். தோளில் தூக்கி வைக்கும் பெரிய கேமரா. ஒரு பையன் கையில் விளக்கு. எங்கள் சேரிக்குள் கேமரா என்று ஒன்று வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்த மேடையில் என் அம்மா பேசினார். செங்கல் சூளையிலும் நாற்றங்காலிலும் வேலை செய்த, கையெழுத்து போடத் தெரியாத பெண். சுடுகாட்டுக்குப் பிணம் தூக்கிப்போக வழி இல்லாததைப் பற்றிப் பேசினார். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னார். மேடையில் இருந்த அதிகாரி ஒருவர் பதிலுக்கு எழுந்து, அந்த வழியைப் பொதுப்பாதையாகப் பதிவு செய்து தருவதாக மைக்கில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அது கேசட்டில் பதிவானது. ஒரே ஒரு கேசட். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் நைனா வைத்திருந்தார்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கம் படம் பார்ப்பது என்றால் டெக் வாடகைக்கு எடுப்பதுதான். ஒரு டிவி, ஒரு டெக், மூன்று கேசட். தெருவில் பாய் விரித்து விடிய விடியப் பார்ப்போம். மூன்று படம் முடிந்தபின் யாராவது "நம்ம மீட்டிங் கேசட்ட போடுப்பா" என்பார்கள். திரையில் அவரவர் முகம் வரும்போது விசில் பறக்கும். சினிமாவில் எங்களை மாதிரி ஆட்கள் வந்தால் அடியாளாக வருவார்கள், இல்லையென்றால் காலில் விழுபவனாக வருவார்கள். இந்தக் கேசட்டில் மட்டும்தான் நாங்கள் நாங்களாக வந்தோம்.

1993 இல் வளைகுடாவிலிருந்து வந்த மாமா ஒரு விசிஆர் கொண்டு வந்தார். டிவியில் ஓடுவதைப் பதிவு செய்யும் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் தமிழ்ப் படம். எனக்குப் பன்னிரண்டு வயது. வெற்றுக் கேசட் இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பின்னோக்கிச் சுற்றக்கூட இல்லை, நின்ற இடத்திலிருந்தே சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

விஎச்எஸ் கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தக்கை இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டின் மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. எங்கள் கேசட்டில் அதை யாரும் உடைத்து வைக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மாதான் சிரித்தார். "போனா போவுது உடு. நான் இன்னா செத்தா பூட்டேன்? இன்னொரு தபா பேசிக்கிறேன்."

அம்மா 2009 இல் இறந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் அதே வழியில்தான். சில வருடம் கழித்து அந்த வழிக்கு ஒருவர் வேலி போட்டார். மனு கொடுக்கப் போனபோது எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "பாதை தர்றதா சொன்னாங்கன்றதுக்கு ஆதாரம் இன்னா இருக்கு?"

ஆதாரம் இருந்தது. அதன் மேல்தான் நான் சினிமா பிடித்திருந்தேன்.

இதையெல்லாம் சமீபத்தில் மனதில் கிளறிவிட்டது ஒரு அமெரிக்க ஊமைப்படம். 'விதின் அவர் கேட்ஸ்', 1920. எடுத்தவர் ஆஸ்கர் மிஷோ என்கிற கறுப்பர். ரயிலில் பயணிகளுக்குப் பணிவிடை செய்யும் போர்ட்டராக வேலை பார்த்தவர். பிறகு நிலம் வாங்கி விவசாயம் செய்தார். நாவல் எழுதி, தானே வீடு வீடாகப் போய் விற்றார். சினிமாவுக்கும் அப்படித்தான் பங்கு விற்றுப் பணம் திரட்டினார். 1919 முதல் 1948 வரை நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்.

1915 இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற படம் வந்தது. கறுப்பர்களைக் காமுகர்களாகவும் கு கிளக்ஸ் கிளான் கொலைகாரர்களை மீட்பர்களாகவும் காட்டிய படம். இன்றும் திரைப்படப் பள்ளிகளில் அதைத் தொழில்நுட்பச் சாதனை என்று பாடம் நடத்துகிறார்கள். மிஷோ தன் படத்தில் அதைத் திருப்பிப் போட்டார். கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்ட அலையும் ஒரு ஆசிரியைதான் நாயகி. அவள் குடும்பத்தை வெள்ளைக் கும்பல் தூக்கிலிட்டுக் கொல்வதை அப்படியே காட்டினார். சிகாகோவில் அதற்கு முந்தைய கோடையில்தான் இனக்கலவரம் நடந்திருந்தது. இந்தப் படம் மறுபடி கலவரத்தை மூட்டும் என்று தணிக்கைக் குழு முதலில் அனுமதி மறுத்தது. கொலை செய்தவனால் கலவரம் வராது, கொலையைக் காட்டுபவனால் வரும்! நமக்குக் கேட்டுப் பழகிய வாதம்தான்.

இந்தப் படம் பல பத்தாண்டுகள் காணாமல் கிடந்தது. கடைசியில் ஒரே ஒரு பிரதி ஸ்பெயின் நாட்டின் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்தது. பெயர் 'லா நெக்ரா' என்று மாறியிருந்தது. வசன அட்டைகள் ஏறக்குறைய எல்லாமே ஸ்பானிய மொழியில். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1993 இல் அதை மீட்டெடுத்தபோது, ஸ்பானிய வசனங்களை மறுபடி ஆங்கிலமாக்கி எழுத வேண்டியிருந்தது. நடுவில் தொலைந்துபோன ஒரு பகுதிக்கு, அங்கே என்ன நடந்தது என்று ஒரு அட்டைதான் போட முடிந்தது. ஒரு சமூகம் தன் வலியைத் தானே சொன்ன வார்த்தைகள், கடல் தாண்டிப்போய் வேறொரு மொழி வழியாகத் திரும்பி வந்திருக்கின்றன. மிஷோவின் ஊமைப்படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை மொத்தமே மூன்று.

2016 இல் கினோ லோர்பர் என்ற நிறுவனம் இப்படி மிஞ்சிய ஆரம்பகாலக் கறுப்பர் படங்களைத் தொகுத்து, வீட்டில் பார்க்கும்படி ஐந்து டிஸ்க் கொண்ட பெட்டியாக வெளியிட்டது. அதற்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். அந்தப் பெட்டியில் கதைப் படங்கள் மட்டும் இல்லை. ஓக்லஹோமாவைச் சேர்ந்த சாலமன் சர் ஜோன்ஸ் என்ற கறுப்பின மதபோதகர் 1924 முதல் 1928 வரை சொந்தமாக எடுத்த படங்களின் பகுதிகளும் உண்டு. தேவாலயம் முடிந்து படியிறங்கும் ஜனம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடை வைத்திருப்பவர்கள். டல்சா நகரின் கறுப்பர் பகுதியை வெள்ளைக் கும்பல் 1921 இல் எரித்தது. அதற்குப் பிறகு அந்த மக்கள் எழுந்து நின்று வாழ்வதையும் அவர் கேமரா பார்த்தது. எங்கள் காலனி கேசட் மாதிரிதான். அவருடையதை யேல் பல்கலைக்கழகம் பாதுகாக்கிறது.

நம் கதைக்கு வருவோம். மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. எடுத்த ஜே.சி. டேனியல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர். அதன் நாயகி பி.கே. ரோசி புலையர் சமூகப் பெண். படத்தில் அவர் ஏற்றது நாயர் பெண் வேடம். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டது 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்குகள் உண்டு. நடந்தது என்ன என்பதில் இரண்டு கணக்கு இல்லை. திரையில் கல் விழுந்தது. ரோசி ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக்கு வந்து, தான் யார் என்பதை மறைத்து வாழ்ந்து முடித்தார்.

அந்தப் படத்தின் ஒரு அடிகூட இன்று இல்லை. டேனியலைப் பற்றிக் கமல் எடுத்த மலையாளப் படம் 'செல்லுலாய்ட்' (2013). அதில் டேனியலின் மகன் சின்னப் பையனாக அந்தச் சுருளை எரிக்கும் காட்சி வரும். தியேட்டரில் எல்லோரும் ரோசிக்காக அழுதார்கள். நான் அந்தப் பையனைப் பார்த்து அழுதேன்.

தமிழிலும் இதே கதைதான். கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 'பக்த நந்தனார்', 1935. ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார் என்று இன்றும் பேசுகிறோம். படத்தின் பிரதி எங்கும் இல்லை. இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. மிஞ்சியவை முப்பது அளவில்தான். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964 இல்தான். அதற்குள் எத்தனையோ சுருள்கள் வெள்ளிக்காக உருக்கப்பட்டுவிட்டன.

ஆகவே, அழிவு எல்லோருக்கும் பொதுதானே என்று சிலர் கேட்பார்கள். இல்லை. ஆதிக்க சாதியின் வரலாற்றுக்குச் செப்பேடு உண்டு, கல்வெட்டு உண்டு, பட்டா உண்டு. ஒரு படம் போனாலும் ஊர் அவர்கள் பெயரில் இருக்கும். நமக்குப் படம் போனால் ஆளே போன மாதிரி. ரோசி எப்படி நடந்தார், எப்படிச் சிரித்தார் என்று யாராலும் இனி சொல்ல முடியாது.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து ஆவடி பக்கம் கரலப்பாக்கத்தில் பிறந்த பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், பி.கே. ரோசி பெயரில் சென்னையில் திரைப்பட விழா நடத்துகிறது. மகிழ்ச்சி. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. 1999 தாமிரபரணிப் படுகொலையைப் பதிவு செய்த ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்', மலம் அள்ளும் அவலத்தைக் காட்டிய அமுதனின் 'பீ', திவ்யபாரதியின் 'கக்கூஸ்' எல்லாம் சேரிகளில் திரை கட்டிக் காட்டப்பட்ட படங்கள். இவைதான் நம் மிஷோ படங்கள். இவற்றை ஒரே பெட்டியில் போட்டு நம் வீடுகளில் கொண்டுவந்து வைக்க யார் இருக்கிறார்கள்? அதைவிட முக்கியம், ஒவ்வொரு காலனியிலும் பரணில் கிடக்கும் கூட்டக் கேசட்டுகளை, கொடியேற்ற சிடிக்களை யார் தேடுவது? காந்த நாடா முப்பது வருடத்தில் உதிரத் தொடங்கும். நமக்கு நேரம் அதிகம் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் டிரங்குப் பெட்டியும் நனைந்தது. பூஞ்சை பிடித்த அந்தக் கேசட்டை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துச் சுத்தம் செய்தேன். மிஞ்சியது முதல் பதினோரு நிமிடம். பறையடித்து ஊர்வலம் வருகிறது. பெண்கள் மாலையோடு நிற்கிறார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் நீலப் புடவையில் அம்மா, கூட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேமராவைப் பார்த்து, வெட்கப்பட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மேடையில் மைக்கைச் சரிசெய்கிறார்கள். பட்டென்று தூர்தர்ஷன் படம் வந்துவிடுகிறது.

சிப்காட் கூட்டத்தில் பேசிய அந்த அக்காவை மறுபடி போய்ப் பார்த்தேன். இன்னொரு முறை பேசுவீர்களா என்று கேட்டேன். ஷிப்ட் முடிந்து வந்தவர், முகம் கழுவிவிட்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினார். இந்த முறை பதினான்கு நிமிடம். மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். ஒன்று என்னிடம், ஒன்று சங்கத்தில், ஒன்று அவர் மகளிடம்.

தோழர்களே, உங்கள் ஊரில் அப்படி ஒரு கேசட் இருந்தால், இன்றைக்கே எடுங்கள். முதலில் அந்தத் தக்கையை உடையுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள், பிரதி எடுக்கும் வழியைச் சேர்ந்தே தேடுவோம்.

ஜெய்பீம்.