சுவரில் ஒரு கோடு

2012இலிருந்து நாலு வருடம் நான் பார்த்த வேலை, அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கும் வீடுகளுக்கு இன்சூரன்ஸ் கிளைம் பதிவு செய்யும் மென்பொருளில் திரைகள் எழுதுவது. அங்கே சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளம் சேராது. 1968இல் தொடங்கிய ஓர் அரசுத் திட்டம் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதில்தான் தனியாக வாங்குவார்கள். கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருட்களுக்கு 1,00,000. டிவியில் புயல் செய்தி பார்த்துவிட்டு ஓடிப்போய் வாங்கினால் பிரயோஜனமில்லை. பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும்.

நான் எழுதிய ஒரு திரையில் இரண்டு கட்டங்கள் உண்டு. வீட்டுக்கு வெளியே தண்ணீர் எத்தனை அங்குலம், உள்ளே எத்தனை அங்குலம். காலியாக விட்டால் அடுத்த திரைக்குப் போக முடியாது. யாரோ ஒரு ஃப்ளோரிடா தாத்தாவின் சுவரில் நீர் நின்ற உயரம் எவ்வளவு முக்கியம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வீடு முடிச்சூரில். அப்பா 2006இல் வங்கிக் கடனில் கட்டியது. கட்டியபோது வாசலில் மூன்று படிகள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, 2015இல் ஒரு படிதான் மிச்சம்.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது, நாங்கள் அதற்கு மேலே இருக்கிறோம். எங்களுக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். அதுவும் வாசல் வழியாக முதலில் வரவில்லை. குளியலறை ஓட்டை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு சாக்கடையாக வந்தது என்றாள் அம்மா. இருவரும் எதிர்வீட்டு மாடியில் இரண்டு ராத்திரி இருந்தார்கள். நான் ஓ.எம்.ஆரில் மாட்டிக்கொண்டிருந்தேன். போன் கிடைக்கவில்லை.

ஜனவரி மூன்றாம் வாரம், மொட்டை மாடியில் காய வைத்திருந்த காகிதங்களில் அந்தப் பாலிசி கிடைத்தது. கடன் வாங்கும்போது வங்கி சேர்த்துப் போட்ட பத்து வருட வீட்டுக் காப்பீடு. தீ, வெள்ளம் எல்லாம் உண்டு. இன்னும் சில மாதம் உயிர் இருந்தது. அப்பா இருபது இடத்தில் கையெழுத்துப் போட்டார், அதில் இதுவும் ஒன்று. அமெரிக்கக்காரனின் பாலிசியை வரிவரியாகப் படித்த நான் என் வீட்டு ஃபைலைத் திறந்து பார்த்ததில்லை.

சர்வேயர் வந்தார். மரியாதையான மனிதர்.

“தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு சார்?”

அப்பா இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினார்.

“போட்டோ இருக்கா?”

இல்லை. கெட்டுப்போன மெத்தை, மிக்ஸி, அரிசி மூட்டை எல்லாம் முதல் வாரமே குப்பை வண்டியில் போய்விட்டன. பொங்கலுக்கு வீடு பூராவும் வெள்ளையடித்தாகிவிட்டது. அம்மாவுக்கு அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சமைக்கும்போதும் படுக்கும்போதும் எதிரிலேயே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்தான் பெயின்ட் வாங்கிக் கொடுத்தேன்.

கதவு, ஒயரிங் கணக்கில் 11,400 ரூபாய் வந்தது. பொருட்கள் அந்தப் பாலிசியில் இல்லவே இல்லை. அம்மா அதற்கப்புறம் ஒரு வருடமாவது, “நான் சும்மா இருந்திருக்கலாம்டா” என்று எதற்கெடுத்தாலும் சொன்னாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் செய்தோம். சாக்கடைக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு, உள்ளிருந்து வெளியே மட்டும் போகவிடும். முதலில் செய்ய வேண்டியதும் மலிவானதும் அதுதான். வாசல் பலகையைவிட ஆயிரம் மடங்கு உபயோகம். இ.பி. மீட்டர் பெட்டியைத் தலை உயரத்துக்கு ஏற்றினோம். இன்வெர்ட்டர் பேட்டரி பரணுக்குப் போனது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிற ஹரியானாக்காரர்களையும் அப்பா கூப்பிட்டுப் பேசினார். ரேட் கேட்டுவிட்டு மோர் கொடுத்து அனுப்பினார்.

2021 ஏப்ரலில் இந்தியாவில் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்க வேண்டிய ‘பாரத் கிரஹ ரக்ஷா’ பாலிசி வந்தது. வெள்ளம் அதிலேயே அடக்கம். 950 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,000, ஆக 19 லட்சம். பொருட்களுக்குத் தானாகவே அதில் 20 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். எங்களுக்கு 3,80,000. பிரீமியம், குடும்பத்தோடு ஒருநாள் ஓட்டலில் சாப்பிடுகிற காசு.

“மனையே அதுக்கு மேல போகும். 19 லட்சம்தானா?”

“மனையை இதுல சேர்க்க மாட்டாங்கப்பா. தண்ணி அதை அடிச்சிட்டா போகப்போகுது?”

“போகாது. ஆனா வாங்க ஆள் வராதே.”

அதற்குக் கட்டம் எந்தத் திரையிலும் இல்லை. வீட்டை விற்றுவிடலாம் என்று நான் சொல்லி வந்ததை அன்றோடு நிறுத்தினேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம். வால்வு தாங்கியது. தண்ணீர் இந்த முறை கௌரவமாக வாசல் வழியாக வந்தது. வடிந்ததும் அம்மா துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “எடுத்தாச்சா? எல்லா ரூமும்?” ஒவ்வொரு சுவரிலும் டேப்பைப் பிடித்துப் படம் எடுத்தேன். 14 அங்குலம்.

படுக்கையறையில் பீரோவைக் கடைசியாக நகர்த்தினோம். இரும்பு பீரோ, 2016 பொங்கலுக்கு அதை யாரும் நகர்த்தவில்லை, சுற்றித்தான் வெள்ளையடித்திருக்கிறார்கள். பின்னால் சுவரில் பழுப்பாக ஒரு கோடு. அப்பா டேப்பை வாங்கி அளந்தார். 41. அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் சர்வேயர் வந்தார், சின்னப் பையன், டேப்லட்டோடு. அவன் திரையிலும் அந்தக் கட்டம் இருந்தது, எட்டிப் பார்த்தேன்.

“மேல இருக்கிற கோடு என்ன சார்?”

“அது பழைய கணக்குப்பா” என்றார் அப்பா.

அவன் கீழே இருந்ததை மட்டும் அளந்து எழுதிக்கொண்டான்.