தோளேறிய துவிச்சக்கர வண்டி

மனிதனைச் சுமப்பதற்கென்று ஆக்கப்பட்டது துவிச்சக்கர வண்டி. அவ்வண்டியையே மனிதன் சுமக்க நேரும் வேளைகளும் உண்டு. பாதை முடிந்துவிடுகின்ற இடத்தில், சேறு சக்கரத்தைப் பற்றிக்கொள்கின்ற இடத்தில், ஏற்றம் காலின் வலுவை மீறிவிடுகின்ற இடத்தில் வண்டி தோளில் ஏறிவிடுகின்றது. இதனைப் பெரும்பாலோர் இடையூறென்றே கருதுவர். ஐரோப்பியரோ இதனை ஒரு விளையாட்டாக வளர்த்துவிட்டனர். சைக்கிளோ குறொஸ் என்பது அதன் பெயர்.

இலையுதிர் காலத்திலும் மாரிகாலத்திலும் நடைபெறும் போட்டி இது. இரண்டரை முதல் மூன்றரைக் கிலோமீற்றர் வரை நீளமான சுற்றுப்பாதையைப் போட்டியாளர் பலமுறை சுற்றிவருதல் வேண்டும். புல்வெளி, மணல், சேறு, படிக்கட்டு, செங்குத்தான மேடு முதலிய யாவும் அப்பாதையில் இடம்பெறும். 40 சென்ரிமீற்றர் உயரமான பலகைத் தடைகளும் குறுக்கே நிறுத்தப்பட்டிருக்கும். அவற்றை அணுகியதும் போட்டியாளர் பெரும்பாலும் ஓடும் வண்டியிலிருந்து குதித்திறங்கி, அதனைத் தூக்கிக்கொண்டு தடையைத் தாண்டி, மீண்டும் பாய்ந்தேறி மிதிப்பர். ஏற முடியாத மேட்டில் வண்டியைத் தோளிற் கொளுவிக்கொண்டு ஓடுவர்.

இவ்விளையாட்டின் தாயகம் பிரான்சு. அந்நாட்டின் முதலாவது தேசியப் போட்டி 1902 ஆம் ஆண்டில் நடைபெற்றது. அதனை முன்னின்று ஒழுங்குசெய்தவர் தானியல் கூசோ என்பவர். 1907 இல் இத்துறையிற் பிரெஞ்சு வெற்றிவீரராக விளங்கிய ஒக்தாவ் லாப்பீஸ் 1910 இல் பிரான்சைச் சுற்றும் பெரும் போட்டியிலும் முதலிடம் பெற்றார். பிரனீசு மலையின் உயர்ந்த கணவாய்கள் முதன்முறையாக அப்போட்டியிற் சேர்க்கப்பட்ட ஆண்டு அது. அவ்வேற்றங்களிற் சில இடங்களில் லாப்பீஸும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே சென்றார். சேற்றில் இறங்கி நடக்கப் பழகியவருக்கு மலையில் இறங்கி நடப்பது இழுக்காகத் தோன்றியிராது. 1950 இல் முதலாவது உலகப் போட்டி பாரிசில் நடைபெற்றபோது ஜோன் றொபிக் என்ற பிரெஞ்சு வீரர் வென்றார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயிலும் யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் இவற்றையெல்லாம் அறிந்தது கைத்தொலைபேசியின் சிறு திரையிலேயே. பெல்ஜிய நாட்டுச் சேற்றில் வீரர்கள் வண்டிகளைத் தோளேற்றி ஓடுவதை அவன் இரவுகளில் வியந்து பார்ப்பதுண்டு. அவ்வண்டிகள் ஏறக்குறைய எட்டுக் கிலோகிராம் நிறையுடையவை. அவனிடமும் ஒரு வண்டி இருந்தது. அதன் நிறை அதனைப்போல் இருமடங்கிற்கும் மேலாகும்.

அது அவனுடைய பாட்டனார் வாங்கியது. தந்தையார் ஓட்டியது. முன்புறத்துச் சின்னம் தேய்ந்து பெயர் அழிந்திருந்தது. கறுப்பு வண்ணம் பாதி உதிர்ந்து உருக்கு வெளித்தெரிந்தது. ஒரே பற்சில்லு, கம்பியால் இழுபடும் பிறேக், தோற்சீட்டு, அகன்ற கரியர். மட்காட்டுகளைத் தாங்கும் இடங்களில் ஆணிகளுக்குப் பதிலாகச் செப்புக் கம்பி சுற்றப்பட்டிருந்தது. அந்தக் கம்பியே சிறுவயது முதல் அவனுக்குப் பெரும் வெட்கமாக இருந்தது. பள்ளித் தோழர்களின் வண்டிகளில் ஆணி பளபளக்க, தன் வீட்டு வண்டி மட்டும் கம்பியாற் கட்டுண்டு நிற்பதேன் என்று அவன் பலமுறை மனங்குமைந்ததுண்டு. தந்தையாரிடம் அதனை அவன் கேட்டதில்லை.

பேராதனைக்கு இவ்வண்டியைக் கொண்டுசெல்லுமாறு வற்புறுத்தியவர் தந்தையாரே. 2014 இல் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய புகையிரதத்தில் ஏறிப் பொல்காவலையில் இறங்கி, வேறொரு புகையிரதத்தில் மாறி வண்டி மலைநாடு வந்துசேர்ந்தது. வந்த பின்னரே இரண்டு நிலங்களுக்குமுள்ள வேறுபாடு அதற்கு விளங்கியது போலும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலம் தட்டையானது. அங்கே ஒரு பற்சில்லுடன் ஆயுள் முழுவதும் ஓட்டிவிடலாம். கண்டியிலோ ஒவ்வொரு வீதியும் ஏறுகின்றது அல்லது இறங்குகின்றது. மிதியை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ ஐந்து மீற்றர் முன்னேறும் வண்டி கலகா வீதியின் ஏற்றத்திற் கால்களைக் கேலிசெய்தது. விடுதித் தோழர்களும் கேலிசெய்தனர். ஈராண்டுகளாக விடுதிச் சுவரோரத்தில் அது துருப்பிடித்துக் கிடந்தது. ஈற்றிற் பழைய இரும்பு வாங்கும் ஒருவர் விலையும் பேசிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துச் செல்வதாக ஏற்பாடு.

அதற்கு முன்தினம், ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை காலையில், அவன் மனத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. விற்கப்போகும் வண்டிதானே, ஒருமுறை சேற்றில் ஓட்டிப் பார்த்தால் என்ன? உடைந்தால் இரும்பு இரும்பாகவே விலைபோகும்.

குறிஞ்சிக் குமரன் ஆலயத்தைக் கடந்து மேலே செல்லும் வழியை அவன் தேர்ந்துகொண்டான். பல்கலைக்கழகத்தின் பின்னால் 1,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடர் 2010 இற் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. எனவே புல்வெளியிற் புதுத்தடம் பதிக்காது, மனிதர் நடந்து பழகிய பாதையிலேயே செல்வதென்று அவன் தீர்மானித்தான். ஈரமான சரிவில் ஒரு ரயர் கீறும் கோடு அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும் என்பது மண்ணைப்பற்றிப் படித்தவனுக்குத் தெரியாததன்று.

புறப்படுமுன் சக்கரங்களின் காற்றைச் சற்றுக் குறைத்தான். காற்றுக் குறைந்தால் ரயர் நிலத்தில் அகன்று படியும், பிடி கூடும். போட்டிகளில் 33 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட ரயருக்கு இடமில்லை. அவனுடைய ரயரோ ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர். இந்த ஒரு வகையிலாவது பாட்டனாரின் வண்டி உலக வீரர்களின் வண்டியை விஞ்சியது என்று அவன் தனக்குள் நகைத்துக்கொண்டான்.

அந்நகைப்பு நீண்டநேரம் நிலைக்கவில்லை. பைன் மரங்களுக்கிடையே உதிர்ந்த ஊசியிலைகள் ஈரத்தில் வழுக்கின. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. இறங்கித் தள்ளினான். சிறிது தூரம் ஏறி மிதித்தான். மீண்டும் இறங்கினான். அட்டைகள் காலுறைக்குள் நுழைந்திருந்தன. தேயிலைச் சரிவை அடைந்தபோது மண்ணரிப்பைத் தடுப்பதற்காக மலைக்குக் குறுக்கே வெட்டப்பட்ட கான்கள் எதிர்ப்பட்டன. திரையிற் கண்ட பலகைத் தடைகள் இவையே என்று எண்ணி, ஓடும் வண்டியிலிருந்து குதித்திறங்க முயன்றான். வலக்காலைப் பின்னால் வீசியபோது அகன்ற கரியரில் இடறுண்டு, தேயிலைச் செடிமீது விழுந்தான். மூன்றாம் முறை காலை உயர்த்தி வீசக் கற்றான். ஐந்தாம் கானைத் தாண்டியபோது ஒரு கணம், ஒரே ஒரு கணம், இறங்குதலும் தூக்குதலும் ஏறுதலும் ஓரசைவாய் இசைந்தன. அக்கணத்தின் மகிழ்ச்சி பொய்யன்று. யாரும் பாராத மலைச்சரிவில் அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

மழை அதன் பின்னரே தொடங்கிற்று. கீழ்நோக்கித் திரும்பியபோது பிறேக்கை அழுத்தினான், வண்டி நிற்கவில்லை. நனைந்த உருக்கு விளிம்பில் றப்பர்க் கட்டைக்குப் பிடியில்லை. இதனை அவன் விரிவுரையிற் கேட்டிருக்கிறான். இப்பொழுது உடம்பாற் கேட்டான். பாதையின் வளைவில் வண்டியைச் செடிகளுக்குள் திருப்பியதொன்றே அவனுக்குத் தோன்றிய வழி. முழங்கை உரிந்தது. சங்கிலி கழன்றது. செம்மண் சேறு ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையிற் புகுந்து இறுகியதனாற் சக்கரம் உருளவும் மறுத்தது. ஓட்டவும் இயலாது, தள்ளவும் இயலாது. வண்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு அவன் நடக்கத் தொடங்கினான்.

வளைவுக்கு அப்பாற் கொழுந்துக் கூடையுடன் பெண்ணொருவர் எதிரே வந்தார். தாயின் வயதிருக்கும். இடையிற் படங்கு கட்டியிருந்தார், கூடையின் கயிறு தலையிற் பதிந்திருந்தது, கால்களிற் செருப்பில்லை. மழையில் அச்சரிவை அவர் வீட்டு முற்றத்தைப்போலக் கடந்துவந்தார். மாணவனைக் கண்டதும் நின்றார்.

"ஏந் தம்பி, சைக்கிளு ஒங்கள சுமக்கணுமா, நீங்க சைக்கிள சுமக்கணுமா?"

அவன் விளையாட்டென்று சொல்ல வாயெடுத்தான், சொல்ல நாவெழவில்லை. அவர் நிறைந்த கூடையுடன் ஒவ்வொரு நாளும் ஏறியிறங்கும் பாதை அது. விழுந்துவிட்டதாக மட்டும் சொன்னான். அவர் அவனுடைய தோளைப் பார்த்தார். "வெறுந் தோளுல இரும்ப வைக்காதீங்க. துணிய மடிச்சு வைங்க. எறங்கையில குதிகால ஊனி நடங்க" என்றார். தலைக்கயிற்றின் கீழே தாம் மடித்து வைத்திருந்த துணியைத் தொட்டுக் காட்டினார். பின்னர் நிறுவைக்கு நேரமாகிவிட்டதென்று விரைந்து போய்விட்டார். மாணவன் சட்டையைக் கழற்றி மடித்துத் தோளில் வைத்தான். நோவு பாதியாகக் குறைந்தது.

அன்றிரவு வழமைபோலத் தந்தையாருடன் தொலைபேசியிற் பேசினான். வண்டியை விற்கப்போவதைச் சொல்வதா விடுவதா என்ற தயக்கத்தில், மலையில் விழுந்த கதையைச் சொல்லிவைத்தான். வண்டியைத் தூக்கி நடந்தேன் என்றதும் மறுமுனையிற் சற்று மௌனம்.

"எந்தத் தோளிலை தூக்கினனீ?"

"இடத் தோளிலை, அப்பா."

"வலத் தோளிலை போட்டிருக்க வேணும். அப்பத்தான் செயின் உடம்பிலை படாது. மட்காட்டையும் கழட்டியிருக்க வேணும். சேறு பிடிச்சால் சில்லு உருளாது."

திரையிற் கண்ட வீரர் அனைவரும் வலத் தோளிலேயே சுமந்தனர் என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. காரணத்தை அவன் ஆராய்ந்ததில்லை. பல்லும் சங்கிலியும் வண்டியின் வலப்புறத்தில் உள்ளன. வலத் தோளிற் கொளுவினால் அவை உடம்புக்கு வெளிப்புறமாக அமையும். இது தந்தையாருக்கு எவ்வாறு தெரியும் என்று கேட்டான். அதுவரை வீட்டிற் பேசப்படாதிருந்த கதை அன்று வந்தது.

1990 களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில் அவ்வண்டியே விறகு சுமந்தது, நோயாளரைச் சுமந்தது. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்த அந்த மழையிரவில், நாவற்குழிப் பாலத்து நெரிசலில், பாட்டியாரைக் கரியரில் இருத்தி இளைஞராயிருந்த தந்தையார் அங்குலம் அங்குலமாகத் தள்ளிச் சென்றார். சேறு இறுகிச் சக்கரம் நின்றபோது மட்காட்டுகளை இருளிற் கழற்றினார். ஆணிகள் கைதவறிச் சேற்றில் வீழ்ந்தன. தேடுவதற்கு நிற்க இயலவில்லை. பின்னர்க் கிளாலிக் கடல்நீரேரியைக் கடக்கப் படகுக்குச் சென்றபோது முழங்கால்வரை நீரில் வண்டியைத் தோளேற்றி நடந்தார். முதலில் இடத் தோளில் வைத்துச் சங்கிலிப் பல்லாற் கழுத்தைக் கிழித்துக்கொண்ட பின்னரே தோள் மாற்றக் கற்றார். அக்கரை சேர்ந்து மட்காட்டுகளை மீளப் பூட்டுகையில் ஆணிகள் இல்லாதபடியாற் செப்புக் கம்பியாற் கட்டினார். பின்னர் ஆணிகள் வாங்க வசதி வந்தபோதும் மாற்றவில்லை.

இரண்டும் ஒன்றென்று சொல்லிவிட இயலாது. உலகப் போட்டியில் விழுந்தவன் எழுந்து வீடு செல்வான். அன்று வீட்டைவிட்டுச் சென்றோரிற் பலர் வீடு திரும்பவில்லை. கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணுக்குச் சுற்று முடிந்ததென்று மணியடிப்பவர் எவருமிலர். விரும்பி ஏற்கும் துன்பத்துக்கு ஓர் எல்லையை நாமே வகுத்துக்கொள்கின்றோம். விதிக்கப்பட்ட துன்பத்தின் எல்லை நம் கையில் இல்லை. ஆயினும் உடம்பு கற்கும் பாடம் இரண்டிடத்தும் ஒன்றாயிருப்பதை அவ்விரவில் அவன் கண்டான். எந்தத் தோள், எந்தத் துணி, எந்தக் குதிகால் என்ற அறிவு பெல்ஜியத்துக்கும் கிளாலிக்கும் ஹந்தானைக்கும் பொதுவானது. விளையாடச் சென்றிராவிடின், அந்த அறிவுடைய இருவர் பேசியதை அவன் கேட்டிருக்கவும் மாட்டான்.

மறுநாட் காலை இரும்பு வாங்குபவர் வந்தார். வண்டி விற்பனைக்கில்லை என்று கேட்டுச் சிறிது முணுமுணுத்துச் சென்றார். மாணவன் சேற்றைக் கழுவினான். சங்கிலியைப் பூட்டி எண்ணெயிட்டான். புதிய பிறேக் கட்டைகளுக்கு அளவெடுத்தான். அடுத்த சனிக்கிழமை சேற்றில் ஓட்டுவதாயின் மட்காட்டுகளைக் கழற்ற வேண்டும். ஸ்பனர் தேவைப்படவில்லை. செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நிமிர்த்தி, தொலைந்துவிடாதபடி காகிதத்திற் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தான்.