பாதைக்கு ஓர் அமீர்

மூவர் சேர்ந்து பயணம் புறப்பட்டால் தம்முள் ஒருவரை அமீராக்கிக் கொள்ளவேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுங்கு. மத்ரஸாவில் ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் இது. ஆனால் இரயிலிலும் பேருந்திலும் போகிற நமக்கு, அமீர் என்பவர் பெரும்பாலும் உணவுப் பொட்டலம் வாங்கி வருபவராகவே அமைந்துவிடுகிறார். 2018 ஜூலையில் நண்பர்கள் அறுவர் கார்கிலிலிருந்து ஸன்ஸ்கார் நோக்கி மோட்டார் சைக்கிள்களில் சென்றபோது, அந்தப் பொறுப்பின் கனத்தைக் கண்கூடாகக் கண்டோம்.

அறுவரில் மார்க்கக் கல்வி பயின்றவன் நான். வயதில் மூத்தவர் ஒரு துணிக்கடை முதலாளி. ஆயினும் அமீராகத் தேர்வானவர், மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் முப்பது வயதுத் தம்பி. "ஹஜ்ரத் இருக்கும்போது நானா?" என்று கூசினார். தொழுகைக்கு இமாம் வேறு, பாதைக்கு அமீர் வேறு என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

கார்கிலிலிருந்து பதும் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். ஸுரு ஆற்றை ஒட்டிய முதற்பகுதியில் பார்லி வயல்களும் ஷியா முஸ்லிம்களின் சிற்றூர்களும் உள்ளன. எங்கள் ஸலாமுக்கு வயல்களிலிருந்தும் பதில் வந்தது. எதிரே 7,135 மீட்டர் உயர நுன் சிகரம். பர்காச்சிக்கைக் கடந்தபின் அன்று பாதை என்பது உருண்டைக் கற்களும் புழுதியும், குறுக்கே பாயும் பனிநீர் ஓடைகளுமாகவே இருந்தது. இவ்வோடைகளின் குணம் விசித்திரமானது. காலையில் சாதுவாக இருக்கும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, அஸர் வேளையில் ஆளைப் புரட்டும்.

ரங்தும் சமவெளியை நெருங்குமுன் அத்தகைய ஓடை ஒன்று மாலை நான்கு மணிக்கு எங்களை மறித்தது. அமீர் கம்பு ஒன்றால் ஆழம் பார்த்தார். கலங்கிய நீரின் அடியில் கற்கள் உருளும் ஓசை கேட்டது. கம்பைக் கரையோரத்தில் ஊன்றிவிட்டு, "இங்கேயே கூடாரம் போடுங்கள்" என்றார்.

இளைஞர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. அக்கரையில் டயர் தடம் தெரிகிறது, ஒரே விசையில் போய்விடலாம் என்றார். முதலாளியும் அவர் பக்கம் சேர்ந்தார். வாக்கெடுத்திருந்தால் அமீர் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "வண்டி போனால் வேறு வாங்கலாம் காக்கா. உங்கள் பிள்ளைகளிடம் நான் என்ன சொல்வேன்?" முதலாளி மறுமொழி பேசாமல் கூடாரக் கயிற்றை அவிழ்க்கலானார்.

மஃரிபுக்குள் அந்தக் கம்பை வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது.

அந்தக் குளிரில் மார்க்கத்தின் சலுகைகள் எத்தனை இனிமையானவை! நான்கு ரக்அத் இரண்டாயிற்று. ஒளுவுடன் அணிந்திருந்த, கணுக்காலை மூடிய தோல் காலணிகளைக் கழற்றாமல் மஸ்ஹு செய்துகொண்டோம். பயணிக்கு மூன்று நாள் இரவு பகல் அதற்கு அனுமதி உண்டே. ஊர்ப் பழக்கத்தில் மேற்கிலிருந்து வடக்கே சாய்த்து விரிப்பைப் போட்டார் இளைஞர். திசைகாட்டியைப் பார்த்துத் திருத்தினோம். அங்கே கிப்லா மேற்கிலிருந்து தெற்கே சாய்ந்தது.

ஃபஜ்ருக்குப் பின் ஓடை கணுக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. அமீர் முதலில் நடந்தே கடந்து வழி பார்த்தார். பிறகு ஒவ்வொரு வண்டியாக, முதல் கியரில், நடுவில் நிறுத்தாமல் வரச்சொன்னார். இருவர் நீரோட்டத்தின் கீழ்ப்புறம் நின்று கைகொடுத்தோம். இளைஞரின் வண்டி மட்டும் கல்லில் சறுக்கி விழுந்து, எஞ்சினுக்குள் நீர் புகுந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரை மிதித்து நீரை வெளியேற்றி, அரைமணியில் உயிர்ப்பித்தார் அமீர். முந்தைய மாலையைப் பற்றி ஒரு சொல்கூட அவர் பேசவில்லை.

ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்திலுள்ள பென்ஸி கணவாயில், கடல்மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் சுமார் 60 விழுக்காடுதான் கிடைக்கும். கார்புரேட்டர் புல்லட்டுகள் எங்களைப் போலவே மூச்சு வாங்கின. கீழே டிராங்-டுரங் பனியாறு வெண்ணிறப் பாம்புபோல் வளைந்து கிடந்தது. பதுமை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

திரும்பிக் கார்கில் வந்ததும் அமீர் கணக்கு நோட்டை விரித்தார். மீதிப் பணத்தை ஆறாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, என் வண்டியின் சங்கிலியை இறுக்கப் போய்விட்டார்.