திருப்திகரம்

ஆபீஸில் ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. அமெரிக்கான்னதும் "சாப்ட்வேரா?"ன்னு கேக்கறவங்களுக்கு: இல்லீங்க, நான் சிவில். மேற்கு வர்ஜீனியா மலைகளில் நிலக்கரிச் சுரங்கங்களில் சேறு பார்க்கும் வேலையில் மூணு வருஷம் இருந்தேன். மாமாகிட்ட சொன்னப்போ, "சேறு பாக்கவாடா ஏழு கடல் தாண்டிப் போனே?" என்றார். உண்மைதான் :-)

அப்பலாச்சியன் மலைகளில் கரி எடுக்க, மேலே உள்ள காட்டை வெட்டி, பாறையை வெடி வைத்துப் பெயர்க்கிறார்கள். அப்புறம் ஒரு மழை போதும், மண் மொத்தமும் கீழே ஓடைக்கு வந்துவிடும். ஓடையின் கூழாங்கல் இடுக்குகளில்தான் மீன் முட்டையும் பூச்சிப் புழுக்களும் இருக்கும். மண் அதை அடைத்துவிட்டால் மூச்சு முட்டி எல்லாம் சாகும். புழு போனால் அதைத் தின்னும் மீனும் போச்சு.

இதைத் தடுக்க என்ன செய்வாங்க? மேலிருந்து வரும் நல்ல தண்ணியை, தோண்டின இடத்தைத் தொடாமல் வாய்க்கால் வெட்டிச் சுத்தி விடுவாங்க. சரிவுகளில் கறுப்புத் துணி வேலி, வைக்கோல் கட்டு. அதையும் தாண்டி வரும் கலங்கல் தண்ணியைக் கீழே ஒரு குட்டையில் நிறுத்துவாங்க. தண்ணி நின்னால் மண் அடியில் படியும். மணல் சட்டுனு இறங்கிடும், களிமண் சாவகாசமாத்தான் இறங்கும். அதுக்கு நேரம் வேணும். குட்டையில் சேறு ஏற ஏற, அந்த நேரம் குறைந்துகொண்டே போகும். அதனால அப்பப்ப சேற்றை அள்ளியாகணும்.

10 வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய 24 மணி நேர மழைக்கு ஏற்ற மாதிரி குட்டை இருக்கணும். வெளியே போகும் தண்ணியில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் லிட்டருக்கு 70 மில்லிகிராம் மண்துகள்தான் இருக்கலாம். இதெல்லாம் விதி.

2009 மார்ச். ஒரு குட்டையைப் பார்க்கப் போனேன். அளவுக் கம்பில் சேறு சிவப்புக் கோட்டுக்கு நாலு விரல் கீழே இருந்தது. கோட்டைத் தொட்டால்தான் அள்ளச் சொல்லணும். அள்ளணும்னா எக்ஸ்கவேட்டர் வரணும், லாரி வரணும், சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். படிவத்தில் 'திருப்திகரம்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, காபி குடிக்கப் போயிட்டேன். பொய் ஒண்ணும் எழுதலை.

ஒன்பதாம் நாள் மழை. இரண்டு நாள் விடலை. போய்ப் பார்த்தால், குட்டையிலிருந்து வழியும் தண்ணி டீக்கடை டீ மாதிரி இருக்கு. ஓடை முழுக்க அதே நிறம். மழை நாளில் அந்த 70-க்கு விதியிலேயே தளர்வு உண்டு. ஆக, சட்டப்படி யாரும் தப்பு செய்யலை.

கீழே ஓடையோரம் ஒரு வீடு. ரிட்டயர் ஆன சுரங்கத் தொழிலாளி, வாசலில் நின்னுக்கிட்டு இருந்தார். திட்டுவார்னு நினைச்சேன். "சன்" என்று கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: "72-ல நான் பஃபலோ கிரீக்ல இருந்தேன். அங்கயும் ஒருத்தர் வந்து பார்த்து, எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போனார்."

ராத்திரி தேடிப் படித்தேன். லோகன் கவுண்டியில் கரிக்கழிவைக் கொட்டிக் கட்டின அணை. 1972 பிப்ரவரி 26 காலை உடைந்தது. சுமார் 50 கோடி லிட்டர் கரும் சேற்றுத்தண்ணி. 125 பேர் இறந்தார்கள். 4,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். கம்பெனி அதைக் 'கடவுளின் செயல்' என்றது. உடைவதற்கு நாலே நாள் முன்னால் அரசு ஆய்வாளர் அந்த அணைக்குக் கொடுத்த சான்று: 'திருப்திகரம்'.

அதே வார்த்தை. எனக்குத் தூக்கம் வரலை.

அதையும் என் குட்டையையும் ஒப்பிடக் கூடாதுதான். இங்கே யாரும் சாகலை. ஆனால் ஏப்ரலில் அந்தப் பெரியவர் ஓடையில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். அடியில் வழுவழுன்னு களிமண். ஒரு புழு இல்லை. "போன வருஷம் இங்க பேரனோட மீன் பிடிச்சேன்" என்றார், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் அந்தக் கட்டத்தில் வெறும் டிக் அடித்ததே இல்லை. பக்கத்தில் எழுதுவேன்: "கோட்டுக்கு 4 விரல். அடுத்த மழைக்குள் அள்ளணும்." சூப்பர்வைசர் முகம் சுளித்தார். சில தடவை அள்ளினார்கள், சில தடவை இல்லை.

பி.கு: குட்டை மண்ணைத்தான் பிடிக்கும், தண்ணியில் கரைந்த உப்பைப் பிடிக்காது. பெயர்த்த பாறையைப் பள்ளத்தாக்கில் கொட்டி ஓடையையே மூடுவதும் அங்கே நடக்கிறது. மூடின ஓடையை எந்தக் குட்டையும் திருப்பித் தராது. அது தனிப் பதிவுக்கான விஷயம்.