வாத்து வேட்டை நாயும் வகுப்பறைப் பல்லியும்



தமிழாசிரியர் என்றால் ஓய்வு நேரத்திலும் இலக்கண நூலும் கையுமாக இருப்பார் என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அந்த நல்லெண்ணத்தைக் கெடுக்க மனம் வரவில்லைதான். ஆயினும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாற்பதைக் கடந்த பின்னும் நான் நிகழ்பட விளையாட்டுப் பித்தன். மாணவர்களின் பயிற்சி ஏடுகளைத் திருத்தி முடித்த இரவுகளில் ஒரு மணி நேரம் விளையாடுவேன். பிறகு ஏதேனும் ஒரு நகைச்சுவைக் காட்சியைப் பார்ப்பேன். அதன் பின்னரே உறக்கம்.

“வாத்தியாருக்கு இதெல்லாம் தேவையா?” என்று என் துணைவியார் கேட்பதுண்டு. நெடுநாளாக விடை தெரியாமல் விழித்தேன். கடந்த ஆண்டு வகுப்பில் நடந்த ஒன்று அந்த விடையைக் காட்டியது. அதைச் சொல்வதற்கு முன், ஒரு நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பத்தாங் காலியை ஒட்டிய தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். 1990களின் தொடக்கத்தில் எங்கள் லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் ‘மைக்ரோ ஜீனியஸ்’ பெட்டி இருந்தது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ‘பேமிலி கம்ப்யூட்டர்’ கருவியைப் போலவே தைவான் நிறுவனம் ஒன்று செய்து விற்ற பெட்டி அது. மாலையானால் அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். எங்கள் முறை எப்போது வரும் என்று தரையில் அமர்ந்து காத்திருப்போம்.

அதில் ‘டக் ஹண்ட்’ என்றொரு விளையாட்டு. 1984இல் வெளிவந்தது. திரையில் பறக்கும் வாத்தைப் பொம்மைத் துப்பாக்கியால் சுட வேண்டும். துப்பாக்கியிலிருந்து எதுவும் திரைக்குப் பாய்வதில்லை என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். விசையை அழுத்தியதும் கண்ணிமைக்கும் நேரத்திற்குத் திரை கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்கட்டமாக ஒளிரும். அந்த ஒளி துப்பாக்கிக்குள் இருக்கும் உணர்கருவியில் பட்டால் வாத்து விழும். அக்காலக் குண்டுத் தொலைக்காட்சிக்கென அமைந்த சூழ்ச்சியாதலால், இன்றைய தட்டைத் திரைகளில் அந்தத் துப்பாக்கி வேலை செய்வதில்லை.

குறி தப்பிவிட்டால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அந்த நாயை எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா? வாத்து தப்பியதுகூட வருத்தமில்லை. சுற்றிலும் பத்துப் பிள்ளைகள் இருக்க, நாய் சிரிக்க, அதைப் பார்த்து அவர்களும் சிரிப்பார்களே, அதுதான் வலித்தது. நாயைச் சுட்டுவிடலாம் என்றாலோ, சுடவும் முடியாது. சில மாலைகளில் என் முறை வந்தபோது, “எனக்கு வேண்டாம், நீ ஆடு,” என்று துப்பாக்கியை அடுத்தவனிடம் கொடுத்திருக்கிறேன்.

அதே பெட்டியில் ‘கோன்ட்ரா’ என்ற போர் விளையாட்டும் இருந்தது. தொடக்கத்தில் மூன்று உயிர்கள் மட்டுமே. ஆனால் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம் என்று வரிசை பிசகாமல் அழுத்தி, அடுத்து இரண்டு பொத்தான்களைத் தட்டினால் முப்பது உயிர்கள் கிடைக்கும். பெருக்கல் வாய்பாடு மறந்த பிள்ளைகளுக்கும் இந்த வாய்பாடு மறந்ததில்லை. கோனாமி நிறுவனத்தின் கசுகிசா ஹஷிமோட்டோ என்பவர் ‘கிராடியஸ்’ விளையாட்டைச் சோதித்தபோது, அது தமக்கே மிகக் கடினமாக இருந்ததால் இந்தக் குறுக்குவழியை அதில் வைத்தாராம். ‘எனக்கே முடியவில்லை’ என்று ஒப்புக்கொண்ட ஒருவரால் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கூடுதல் உயிர் கிடைத்தது.

இனி நகைச்சுவைக்கு வருவோம். 1989இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியை அறியாத தமிழர் உண்டா? ‘பிரண்ட்ஸ்’ (2001) படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த ஒப்பந்தக்காரர் நேசமணியை 2019 மே மாதத்தில் இணைய உலகமே நலம் விசாரித்ததே! வடிவேலு அடி வாங்குவார், ஏமாறுவார், வீறாப்புப் பேசி மறுபடியும் அடி வாங்குவார். அடுத்த காட்சியில் சட்டையை உதறிக்கொண்டு எழுந்து வருவார். அவருக்கும் உயிர்கள் தீர்வதில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினைக் கூறும்போது நகையை முதலில் வைத்தார். நகை பிறக்கும் களங்கள் நான்கு என்றார். அவற்றுள் ஒன்று எள்ளல். மற்றவை இளமை, பேதைமை, மடமை. எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர் அதனை இரண்டாகப் பிரிக்கிறார். பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று. பிறரால் எள்ளப்பட்டபோது தானும் நகுவது மற்றொன்று. பலமுறை படித்த பகுதிதான். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது ஒரு மாணவனால்.

நான்காம் ஆண்டு வகுப்பு. உரத்து வாசிக்கும் பாடம். ஒரு மாணவன் எழுந்து, “நான் நாள்தோறும் பல்லிக்குச் செல்வேன்,” என்று வாசித்தான். லகர ளகர வேறுபாடு நம் பிள்ளைகள் பலருக்கும் இடர்தருவதுதான். பொறுமையாகத் திருத்தியிருக்க வேண்டியவன் நான். முந்தைய இரவு பார்த்த நகைச்சுவையின் மயக்கமோ என்னவோ, “எந்தப் பல்லிக்கு? சுவரில் இருக்கிறதே, அதனிடமா?” என்றேன். வகுப்பே அதிர்ந்தது. எனக்கும் என் சொல்திறன் பிடித்திருந்தது. நானும் சிரித்தேன்.

அன்று மதியமே அவனுக்குப் ‘பல்லி’ என்ற பட்டப்பெயர் வந்துவிட்டது. மறுநாள் வாசிக்க அழைத்தபோது, “தொண்டை வலிக்கிறது ஐயா,” என்றான். அதற்கடுத்த வாரமும் தொண்டை வலித்தது. மூன்றாவது வாரம் அவன் எழுந்து நின்றான். நூலைப் பக்கத்து மாணவனிடம் நகர்த்தினான். “அவன் படிக்கட்டும் ஐயா,” என்றான்.

என் கையிலிருந்து துப்பாக்கி கைமாறிய அந்த மாலை சட்டென்று நினைவுக்கு வந்தது. புல்லுக்குள்ளிருந்து எழுந்து சிரித்தது இம்முறை நான்.

அன்றிரவு ‘வெண்பா’ என்ற விளையாட்டைத் திறந்தேன். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை. 2023இல் வெளிவந்து, மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பிடம் சிறந்த அறிமுக விளையாட்டு என்னும் விருதைப் பெற்றது. தாயின் பழைய சமையற் குறிப்பேடு சிதைந்திருக்கும். விடுபட்டதை ஊகித்து நாம் இட்லி அவிக்க வேண்டும். தவறினால் மீண்டும் முயலலாம். எந்த நாயும் சிரிப்பதில்லை. அவள் மகன் கவினுக்குத் தமிழ் எழுத்து எளிதில் வசப்படாது. அந்தப் பிள்ளை அம்மாவின் தமிழை விட்டு விலகும் காட்சிகளைப் பார்த்தபோது என் மாணவன் நூலை நகர்த்திய கைதான் கண்ணில் நின்றது. ஒரு பிள்ளை மொழியை விட்டுப் போவதற்குப் பெரிய காரணங்கள் தேவையில்லை. ஒரு சிரிப்பு போதும்.

மறுநாள் வகுப்பில் என் கதையைச் சொன்னேன். சிறுவனாக இருந்தபோது மளிகைக் கடைக்குத் தேங்காய் வாங்கச் சென்றேன். மலாயில் ‘கெலாப்பா’ என்று கேட்பதற்குப் பதிலாக, “கெப்பாலா ஒன்று வேண்டும்,” என்று கேட்டுவிட்டேன். கெப்பாலா என்றால் தலை. கடைக்காரர் தம் தலையைத் தடவிக்கொண்டு, “இது விற்பனைக்கு இல்லை தம்பி,” என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். அவன் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு, “உன்னைப் பார்த்து நான் சிரித்தது தவறு,” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றுமுதல் வகுப்பில் ஒரு விதி வைத்தோம். வாசிக்க எழும் யாருக்கும் மூன்று உயிர்கள் உண்டு. தவறினால் வாக்கியத்தின் தொடக்கத்திற்குத் திரும்பலாம். மூன்றும் போனால் நண்பன் ஒருவன் தன் உயிரில் ஒன்றைக் கொடுக்கலாம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் தவறினால் எல்லாம் முடிந்தது என்னும் அச்சம் நம் வகுப்பறைகளை விட்டு இன்னும் போகவில்லை. அந்த அச்சத்தோடு லகரமும் வராது, ளகரமும் வராது.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். பட்டப்பெயர் இன்றும் திடலில் அவ்வப்போது கேட்கிறது. ஆனால் ஒரு மாதம் கழித்து அவன் எழுந்து வாசித்தான். இரண்டு உயிர்கள் போயின. மூன்றாவதில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான்.

துணைவியாரின் கேள்விக்கு இப்போது என்னிடம் விடை உண்டு. விழுந்தவன் எழுவான் என்று காட்டுவதால்தான் விளையாட்டும் நகைச்சுவையும் எனக்குத் தேவைப்படுகின்றன. விழுந்தவனையும் சேர்த்துக்கொண்டு சிரிப்பது நகைச்சுவை. அவனை விட்டுவிட்டு நாம் மட்டும் சிரித்தால் அது வேறு.

சென்ற வாரம் வெண்பலகையில் ஏதோ அவசரத்தில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதிவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அவன்தான்.

“ஐயா, ஓர் உயிர் போச்சு. இன்னும் ரெண்டு இருக்கு, மெதுவா எழுதுங்க.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.